வலது பக்கம் இருந்த வளைவு

அமெரிக்காவில் நான் வழி தவறியதற்குக் காரணம் ஒரு பாலம். அது இடிந்து விழுந்ததால் அல்ல ஸார், புதிதாகத் திறந்ததால்!

2019 செப்டம்பர். இண்டியானாபொலிஸில் வேலை பார்க்கும் காலேஜ் நண்பனின் காரில் செயின்ட் லூயிஸ் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பெரியப்பா பையன் இருக்கிறார். எனக்கு அண்ணன். கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் போனவர், அப்படியே வேர் பிடித்துவிட்டார். சுமார் 240 மைல், நாலு மணி நேரப் பயணம். அண்ணி கொடுத்தனுப்பச் சொன்ன சாம்பார் பொடி பின் சீட்டில் மணத்துக்கொண்டு வந்தது. என் கையில் அண்ணன் அனுப்பிய மெயிலின் பிரின்ட் அவுட்.

அதில்தான் வம்பு. மெயில் வந்தது 2012-ல். அப்போதே வரச் சொன்னார். விசா, பணம், வேலை என்று ஒன்று மாற்றி ஒன்று தடுத்து, நான் கிளம்பியபோது ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் பிரின்ட் அவுட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். பி.காம். படித்துவிட்டு ஆடிட் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். கையில் வவுச்சர் இருந்தால்தான் நம்புவேன்.

வவுச்சர் சொன்னது இது: 'இண்டியானாபொலிஸ்ல 70-ம் நம்பர் ரோட்டைப் பிடி. 70-ஐ விடாதே. மிசிசிப்பி ஆத்து மேல பாலம் வரும். பாலத்துல வரும்போது வலது பக்கம் பெரிய வளைவு தெரியும். இறங்கினதும் 44-க்குப் போற வழின்னு பலகை இருக்கும். அதைப் பிடிச்சா இருபது நிமிஷத்துல வீடு.'

செயின்ட் லூயிஸ் நெருங்கும்போது ரோடு பிரிந்தது. ஒரு பக்கம் 55. இன்னொரு பக்கம் 70. நண்பனின் செல்போனில் வழி சொல்லும் பெண்மணி, 55-ல் போகச் சொன்னார்.

"மச்சி, மேப் 55-ங்குதுடா."

"மேப்பை விடு. அண்ணன் தெளிவா எழுதியிருக்கார். 70-ஐ விடாதே!"

விடவில்லை. பாலமும் வந்தது. 400 அடி உயரத்தில் இரண்டு கோபுரங்கள். அதிலிருந்து தேர்வடம் மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கேபிள்கள். கீழே பழுப்பு நிறத்தில் மிசிசிப்பி. நான் ஆவலோடு வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். வளைவைக் காணோம்! ஊருக்கே அடையாளமான 630 அடி வளைவு, எங்கே போகும்?

"டேய், இந்தப் பக்கம் இருக்குடா," என்றான் நண்பன்.

இடது பக்கம் இருந்தது. சாவகாசமாக, வெயிலில் எவர்சில்வர் குடத்துக் கைப்பிடி மாதிரி மின்னிக்கொண்டு.

1965-ல் கட்டி முடித்த வளைவு இடம் மாறாது. அப்படியானால் மாறியது நாங்கள்தான். பாலம் இறங்கியதும் 44-க்குப் பலகையைத் தேடினேன். கண்ணில் படவில்லை. 70 மட்டும் விடாப்பிடியாக எங்களை இழுத்துக்கொண்டு போய், ஏர்போர்ட் வாசலைக் காட்டியது. அண்ணனுக்குப் போன் போட்டோம்.

"எங்கடா இருக்கீங்க? ஏர்போர்ட்டா? ஏன்டா அங்க போனீங்க?"

"நீங்கதான்ணே 70-ஐ விடாதேன்னு எழுதினீங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு. "அது எந்தக் காலத்து 70-டா! பாலம் மாறிப் போச்சு. நம்பர் எல்லாம் மாறிப் போச்சு."

ஊரைச் சுற்றும் 270-ல் ஏறி, 44-ஐத் தேடிப் பிடித்து வீட்டுக்குப் போனபோது தோசை ஆறிப்போயிருந்தது.

*

மறுநாள் ஞாயிறு. "உனக்கு நஷ்ட ஈடு தரணும். வா, பாலம் காட்டுறேன்," என்றார் அண்ணன். அமெரிக்கா போனவர்களுக்கு நயாகரா காட்டுவார்கள், வெள்ளை மாளிகை காட்டுவார்கள். எனக்கு வாய்த்தது பாலம். அண்ணி, "இதுக்குத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கானா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அமெரிக்க ஹைவே நம்பரில் ஒரு ஒழுங்கு உண்டு. இன்டர்ஸ்டேட் எனப்படும் பெரிய சாலைகளில், வடக்கு தெற்காகப் போனால் ஒற்றைப்படை. மேற்குக் கடற்கரையில் 5 என்று ஆரம்பித்துக் கிழக்கே 95 வரை ஏறும். கிழக்கு மேற்காகப் போனால் இரட்டைப்படை. தெற்கே 10, வடக்கே 90. மூன்று இலக்கம் என்றால் கிளைச் சாலை. அதில் முதல் இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் பெரும்பாலும் ஊரைச் சுற்றும் சாலை. எங்களைக் காப்பாற்றிய 270 அந்த ஜாதி.

இந்தியாவிலும் 2010-ல் நெடுஞ்சாலை எண்களையெல்லாம் கலைத்துப்போட்டு இப்படி ஒரு ஒழுங்கு செய்தார்கள். ஆனால் நமக்கு வடக்கு தெற்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்கு ஒற்றைப்படை. அவர்களுக்கு நேர் எதிர்! ஸ்டியரிங் மட்டும்தான் எதிர்ப்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பழைய பாலத்துக்குப் போனோம். பாப்ளர் தெருப் பாலம். 1967-ல் திறந்தது. 2012-ல் அண்ணன் எழுதியது இதைப் பற்றித்தான். வளைவுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. இதில் மேற்கு நோக்கி வந்தால் வளைவு வலது பக்கம். நியாயம்தான்.

இந்த ஒரு பாலத்தின் மேல் மூன்று இன்டர்ஸ்டேட் சாலைகள் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. 55, 64, 70. போதாக்குறைக்கு யு.எஸ். 40 என்ற பழைய நம்பரும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு ரூமில் நாலு பேர் தங்கி, வாடகையைப் பிரித்துக்கொள்வார்கள் பாருங்கள், அந்த மாதிரி. ஒருத்தர் குளிக்கப் போனால் மூன்று பேர் சோப்பு டப்பாவோடு நிற்க வேண்டும். லூசியானாவிலிருந்து சிகாகோ போகிற லாரியும், மேற்கே யூட்டாவில் ஆரம்பித்துக் கிழக்கே பால்டிமோர் வரை போகிற ரோட்டின் லாரியும், ஆபீஸ் போகிற உள்ளூர்க் காரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன.

ஆகவே வடக்கே ஒரு மைல் சொச்சம் தள்ளி, புதுப் பாலம் கட்டினார்கள். நடுத் தாவல் மட்டும் 1,500 அடி. ஆற்றின் ஒரு கரை மிசௌரி, எதிர்க்கரை இல்லினாய். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஆறு இருந்தால் பேச்சுவார்த்தை எப்படி இருக்கும் என்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேர் வைப்பதிலேயே இழுபறி. மிசௌரிக்காரர்களுக்கு அவர்களுடைய பேஸ்பால் ஹீரோ ஸ்டான் மியூசியல் பேர் வேண்டும். இல்லினாய்க்காரர்களுக்கு முன்னாள் ராணுவ வீரர்கள் நினைவாக இருக்க வேண்டும். கடைசியில் இரண்டையும் கோத்து, 'ஸ்டான் மியூசியல் வெட்டரன்ஸ் மெமோரியல் பாலம்' என்று வைத்தார்கள். இவ்வளவு நீளத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாலமே முடிந்துவிடும். ஜனங்கள் 'ஸ்டான் ஸ்பான்' என்று சுருக்கிவிட்டார்கள்.

2014 பிப்ரவரி 9-ம் தேதி போக்குவரத்துக்குத் திறந்தார்கள். ஆட்டம் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

உங்கள் ஆபீஸில் புதுக் கிளை திறந்தால் என்ன நடக்கும்? மேனேஜருக்கு அங்கே மாற்றல். அவர் நாற்காலி காலி. அக்கவுன்டன்ட் அதற்கு ஏறுவார். மிச்சம் இருப்பவர்கள் காற்றாடிக்குப் பக்கமாக மேஜையை நகர்த்திக்கொள்வார்கள். அதேதான் இங்கும். 70-க்குப் புதுப் பாலத்துக்கு மாற்றல். பழைய பாலத்தில் 55, 64, 40 மூவரும் கொஞ்சம் கை காலை நீட்டிப் படுத்தார்கள். ஆனால் பழைய பாலத்திலிருந்து புதுப் பாலம் வரை, கரையோரமாக, வளைவுக்கு முன்னால் ஓடும் ரோடு ஒன்று இருக்கிறது. இரண்டு மைலுக்குள்தான் நீளம். அதுவரை அதற்கும் பேர் 70. இப்போது அது அனாதை.

அந்தத் துண்டுக்கு என்ன நம்பர் கொடுப்பது?

யாரும் இஷ்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. மாநில நெடுஞ்சாலைத் துறைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு சங்கம் இருக்கிறது. நம்பர் விஷயத்துக்கென்றே அதில் ஒரு கமிட்டி. மாநிலம் மனுப் போட வேண்டும். இன்டர்ஸ்டேட் என்றால் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். பக்கத்திலேயே 44 இருந்தது. டெக்சாஸில் விசிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில் கிளம்பி அறுநூறு மைலுக்கு மேல் வந்து, இந்த ஊரில் 55-ஐத் தொட்டதும் நின்றுவிடுகிற சாலை. அதைக் கொஞ்ச தூரம் 55-ன் தோளில் ஏற்றிக் கூட்டிவந்து, அனாதைத் துண்டை அதன் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். பலகையில் 70-ஐ எடுத்துவிட்டு 44.

எங்கள் பாஷையில் இதற்கு ஜர்னல் என்ட்ரி என்று பேர். ரோட்டில் ஒரு ஜல்லி நகரவில்லை. தார் அதே தார். கணக்கில் மட்டும் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றம்.

இதில் ஒரு கூத்து. 44 கிழக்கு மேற்குச் சாலை அல்லவா? அதனால் இந்தத் துண்டில் 'கிழக்கு 44' என்று பலகை இருக்கும். கார் போவதென்னவோ ஆற்றோரமாக வடக்கே! "இதுல பாதை தெரியாம திசையைப் பார்த்து ஓட்டினவன் கதி அதோகதி," என்றார் அண்ணன்.

உள்ளூர்க்காரர்கள் இதற்கெல்லாம் அசருவதில்லை. 64 என்று அரசாங்கம் பலகை வைத்த ரோட்டை இன்னும் 'ஹைவே ஃபார்ட்டி' என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் அந்த ஊர்ப் பழைய பெரிசுகள் வாயில் 'ஃபோர்' வராது, 'ஃபார்' என்றுதான் வரும். எனவே 44 அவர்களுக்கு 'ஃபார்ட்டி ஃபார்'. மவுன்ட் ரோடு அண்ணா சாலையாகி எத்தனை வருஷம்? நாம் விட்டோமா?

ஸ்டான் மியூசியல் விளையாடியபோது அவர் சட்டை நம்பர் 6. 1963-ல் அவர் ஆடி முடித்ததும் அவருடைய டீம் அந்த நம்பருக்கே ஓய்வு கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் அந்த டீமில் 6 போட்ட சட்டை யாருக்கும் கிடையாது. ஆட்டக்காரருக்கு அந்த மரியாதை. அவர் பேர் வைத்த பாலம் திறந்தபோது பழைய ரோட்டில் நடந்ததைப் பாருங்கள். 70 எழுந்த நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் 44 உட்கார்ந்தாகிவிட்டது.

*

"வெறும் நம்பர்தானேண்ணே? ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. வளைவுக்கு எதிரே ஒரு பார்க்கில் கொண்டுபோய் உட்கார வைத்தார். புல்வெளி. குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. காலடியில் லேசாக 'ஊம்' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம்?"

"44. நாம அதுக்கு மேலதான் உட்கார்ந்திருக்கோம்."

அந்த ரோடு பள்ளத்தில் ஓடுகிறது. ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் வளைவும் ஆறும். நடுவில் அகழி மாதிரி இந்த ஹைவே. பல வருஷமாக ஊர்க்காரர்களுக்கு ஆற்றங்கரைக்கு நடந்து போவதென்றாலே இம்சை. 70-ஐ வடக்கே மாற்றப்போகிறார்கள் என்றதும் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். 'தூரத்து லாரியெல்லாம் புதுப் பாலத்துக்குப் போய்விடுமே? அப்புறம் இது எதற்கு ஹைவே? பள்ளத்தை மூடுங்கள். சிக்னல், நடைபாதை, மரம் வைத்துச் சாதாரணத் தெருவாக ஆக்குங்கள்.'

நல்ல யோசனைதான். ஆனால் 44 என்று நம்பர் கொடுத்தாகிவிட்டது. ஹைவே ஹைவேயாகவே தங்கிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பள்ளத்தின் மேல் மூடி போட்டு, மண் நிரப்பி, புல் வளர்த்து, ஊரிலிருந்து வளைவுக்கு நடந்து போக வழி செய்தார்கள். 2018-ல் வளைவைச் சுற்றி எல்லாம் புதுப்பித்து முடிந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது அந்த மூடியின் மேல்.

வெறும் நம்பர்தான்! ஆனால் அது இருக்கிற வரைக்கும் வண்டி வரும். வண்டி வருகிற வரைக்கும் ரோடு இருக்கும். இதை நான் செயின்ட் லூயிஸ் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில். அப்பாவுக்கு மெயின் ரோட்டில் சாப்பாட்டுக் கடை. கடைப் பலகையில் கடவுள் பேருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'என்.எச். 45' என்று எழுதியிருக்கும். அட்ரஸ் அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி நிற்கும். டிரைவர் இறங்கும்போதே அப்பா முட்டையை உடைப்பார். நான் பள்ளிக்கூடம் படித்தது, பெரிய அக்கா கல்யாணம், கூரை ஓடானது எல்லாம் அந்த நம்பர் போட்ட சோறு.

நாலு வழிச் சாலை போட்டார்கள். ரோடு எங்கள் ஊருக்குள் வராமல் ஒதுங்கிப் போனது. பைபாஸ். அதோடு 45-ம் போனது. திறந்த அன்றைக்கு ராத்திரி அப்பா வழக்கம் போல மாவு கரைத்தார். மறுநாள் அந்த மாவை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் பாதி மாவு கரைத்தார். யாரையும் குறை சொல்ல முடியாது. பைபாஸ் வந்த பிறகு எங்கள் தெருவில் லாரி மோதிச் செத்தவர் யாரும் இல்லை. முன்னால் வருஷத்துக்கு ஒருவராவது போவார். அதில் என்னோடு ஏழாவது படித்தவனும் உண்டு. கணக்கு எழுதினால் வரவு இது, செலவு அது. செலவு மட்டும் எங்கள் கடையின் பேரில் விழுந்தது.

அப்புறம் 2010-ல் வந்த மாற்றத்தில் அந்த 45-க்கே ஆயுள் முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் இப்போது 38. அப்பா பலகையை மாற்றவே இல்லை.

இதைச் சொன்னபோது அண்ணன் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் கடையில் இட்லி தின்று வளர்ந்தவர்தான்.

*

சாயங்காலம், "கடைசியா ஒண்ணு," என்று வடக்கே கூட்டிப்போனார். போகும் முன் சிப்பேவா தெருவில் டெட் ட்ரூஸ் கடையில் ஐஸ்கிரீம் மாதிரி ஒரு சமாச்சாரம் வாங்கித் தந்தார். அதற்குப் பேர் 'கான்கிரீட்'! கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டித்தான் கையில் கொடுக்கிறார்கள். கீழே விழாத அளவு கெட்டி. பாலம் பார்க்கப் போகிறவனுக்குப் பொருத்தமான டிபன். கடை வாசலில் போகிற ரோடு ஒரு காலத்தில் 66.

அந்த 66 பிறந்த கதையே ஒரு நம்பர் சண்டைதான். 1926-ல் அமெரிக்கச் சாலைகளுக்கு முதன்முதலாக நாடு முழுதும் நம்பர் கொடுத்தபோது, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போகும் சாலைக்கு 60 என்று போட்டார்கள். பூஜ்யத்தில் முடிந்தால் கௌரவம். கென்டக்கி மாநிலத்துக் கவர்னர் விடவில்லை. 60 எங்களுக்கு என்றார். வேண்டுமானால் 62 எடுத்துக்கொள் என்றார்கள் இவர்களிடம். சைரஸ் ஏவரி என்ற ஓக்லஹாமாக்காரர், யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த 66-ஐப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று கிடந்த நம்பர், உலகத்திலேயே பிரபலமான ரோடு நம்பர் ஆனது.

அந்த 66 செயின்ட் லூயிஸில் மிசிசிப்பியைத் தாண்டியது ஒரு பாலத்தில் அல்ல. புதுப் பாலம் கட்டக் கட்ட, நம்பர் அதற்குத் தாவியது. நாங்கள் போய் நின்றது அதில் ஒன்று. செயின் ஆஃப் ராக்ஸ் பாலம். 1929-ல் திறந்தது. ஒரு மைல் நீளம், இரும்புச் சட்டம், நடு ஆற்றில் வைத்து ஒரு திருப்பம்! ஆமாம் ஸார், பாலமே வளைகிறது. நேராகக் கட்டினால் படகுகளுக்கு ஆபத்து என்று படகுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். நேர்க்கோட்டில் தூண் நிறுத்த அடியில் சரியான பாறையும் இல்லை. அதனால் திருப்பிவிட்டார்கள். எதிரெதிரே இரண்டு லாரி அந்தத் திருப்பத்தில் சந்தித்தால் டிரைவர்கள் என்ன பாஷை பேசியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1966-ல் பக்கத்திலேயே 270-க்குப் புதுப் பாலம் வந்தது. இந்தப் பாலத்துக்கு வேலை போனது. கொஞ்ச நாளில் மூடிவிட்டார்கள். 1975-ல் இதை உடைத்து இரும்பாக விற்க ஏற்பாடு. அந்தச் சமயம் பார்த்து இரும்பு விலை விழுந்தது! உடைத்தால் கட்டுப்படியாகாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கவிஞர்களும் போராட்டக்காரர்களும் காப்பாற்றிய பாலங்கள் இருக்கலாம். காயலான் கடை ரேட் காப்பாற்றிய பாலத்தை நான் அங்குதான் பார்த்தேன். ஒரு வணிகவியல் பட்டதாரியாக எனக்குப் புல்லரித்தது.

1985-ல் 66 என்ற நம்பரையே அதிகாரப்பூர்வமாக எடுத்துவிட்டார்கள். 1999-ல் இந்தப் பாலத்தை மறுபடி திறந்தார்கள். கார் லாரிக்கு அல்ல. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்.

நடந்தோம். சூரியன் மிசௌரிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றின் நடுவே சின்னக் கோட்டைகள் மாதிரி இரண்டு கட்டடங்கள். ஊருக்குத் தண்ணீர் எடுப்பதற்காகக் கட்டியவை. ஒரு தாத்தா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தான். தூரத்தில் 270-ல் லாரிகள் இரைந்துகொண்டு போயின. இங்கே அந்த இரைச்சல் மெல்லிசாகத்தான் கேட்டது.

எங்கள் ஊர்ப் பழைய ரோடும் இப்போது இப்படித்தான். அறுவடைக் காலத்தில் மக்காச்சோளம் காயப் போடுகிறார்கள். பையன்கள் சாயங்காலத்தில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். 45 இருந்தபோது அந்த ரோட்டைக் குறுக்கே கடக்கவே அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பாள்.

அண்ணன் வாட்ச்சைப் பார்த்தார். மணி ஆறு. "ஊர்ல விடியக்காலை நாலரை. சித்தப்பா எழுந்திருப்பார். போன் போடு."

எழுந்திருந்தார். அடுப்பு மூட்டும் நேரம். இப்போதும் கடை இருக்கிறது. லாரிக்கு அல்ல, உள்ளூர்க்காரர்களுக்கு. காலையில் இட்லி, சாயங்காலம் டீ, வடை. பக்கத்தில் யாரோ கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

"எங்கடா இருக்க?"

"ஆத்துப் பாலத்து மேலப்பா. பழைய பாலம். முன்னால ஹைவேயா இருந்தது. பக்கத்துல புதுப் பாலம் கட்டி, ரோட்டை அங்க திருப்பிட்டாங்க. நம்பரையும் எடுத்துட்டாங்க."

கொஞ்ச நேரம் அடுப்புச் சத்தம் மட்டும்.

"அங்கயும் பைபாஸ் போட்டுட்டானா?"

"ஆமாப்பா."

"இப்ப யாரு வர்றா அதுல?"

"ஜனங்க நடக்குறாங்க. சைக்கிள் ஓட்டுறாங்க. வேடிக்கை பார்க்குறாங்க. எல்லா நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கு."

"அப்படியா?" குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. "டீக்கடை இருக்கா?"

சுற்றிப் பார்த்தேன். "இல்லப்பா."

"இத்தனை பேரு நடக்குறான், ஒரு டீக்கடை இல்லியா? என்னடா ஊரு அது!" என்றார் அப்பா. "சரி, வெய்யி. இட்லி எடுக்கணும்."